சிறுநீரகப் பாதிப்புள்ள அப்பாவுக்கு ஆட்டிறைச்சியை அடியோடு நிறுத்தத்தான் வேண்டுமா?

செந்தூல்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71, எடை 62 கிலோ. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவருக்கு நெடுங்காலமாக உண்டு. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். அளவு 36 என்று வந்தது. இது மூன்றாம் கட்டத்தின் பிற்பகுதி என்று விளக்கிய மருத்துவர், "இறைச்சியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். உணவியல் நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைத்திருக்கிறது. ஆனால் அது தீபாவளிக்குப் பிறகுதான் வருகிறது.

அம்மா அன்றைக்கே கோழி, ஆடு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இப்போது அப்பாவின் தட்டில் சோறு, ரசம், ஒரு கீரை, அப்பளம், ஊறுகாய் ஆகியவைதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சைவக் கடையில் விற்கும் 'சைவ ஆட்டிறைச்சி'யை வாங்கிப் பிரட்டிக் கொடுக்கிறார். அப்பா வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. ஆனால் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறார். காலையில் வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7 மில்லிமோலுக்குள் இருந்த சர்க்கரை இப்போது 9-ஐத் தாண்டுகிறது. இறைச்சி போன இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் தோசையும் ஆட்டிறைச்சிக் குழம்பும் இல்லாமல் இருந்ததில்லை. இந்த ஆண்டு அப்பாவுக்கு மட்டும் சட்னி வைப்பதா என்று அம்மாவுக்கும் எனக்கும் தினமும் வாக்குவாதம். இறைச்சியை முழுவதும் விடத்தான் வேண்டுமா? விடவேண்டாம் என்றால் எவ்வளவு கொடுக்கலாம், எந்த இறைச்சி நல்லது, எப்படிச் சமைக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

தட்டும் தராசும் எழுதுகிறார்:

சகோதரி, நான் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் உணவியல் நிபுணராகப் பணியாற்றுகிறேன். அப்பாவின் முழு அறிக்கையையும் பார்க்காமல் அவருக்கென்று ஒரு பட்டியல் எழுதித் தருவது முறையாகாது. ஆனாலும் நீங்கள் விவரித்திருக்கும் நிலையில் இறைச்சியை அடியோடு நிறுத்தச் சொல்லும் வழிகாட்டி எதுவும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். அவர் மெலிவதும் எழச் சிரமப்படுவதும், சிறுநீரக எண்ணுக்கு இணையாகக் கவலைப்பட வேண்டிய செய்திகள்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். புரதம் செரித்த பிறகு மிஞ்சும் நைட்ரஜன் கழிவு, யூரியாவாகி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். புரதம் மிகுந்தால், எஞ்சியிருக்கும் வடிகட்டிகள் ஒவ்வொன்றும் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கின்றன; அந்தக் கூடுதல் உழைப்பே நாளடைவில் அவற்றைத் தழும்பாக்கிவிடும் என்ற கருத்தை பேரி பிரென்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982-இல் முன்வைத்தார்கள். குறைக்கச் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. எந்த அளவுக்குக் குறைப்பது என்பதற்கு, சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டுதல்களை வெளியிடும் கே.டி.ஐ.ஜி.ஓ. அமைப்பு 2024-இல் தந்த விடை இதுதான்: மூன்றாம் கட்டம் முதல் ஐந்தாம் கட்டம் வரை உள்ள பெரியவர்கள், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம் புரதம் என்ற அளவில் இருக்க வேண்டும், 1.3 கிராமுக்கு மேல் போவதைத் தவிர்க்க வேண்டும். உடல் தளர்ந்து தசை கரையும் முதியவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகவே கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது இந்தக் கடைசி வரிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 62 கிலோவை 0.8-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வருகிறது. இது 50 கிராம் இறைச்சி அன்று. பலர் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள். சோறு, தோசை, ரொட்டி, காய்கறி, தேநீரில் சேரும் பால், ஒரு கரண்டி பருப்பு எல்லாம் சேர்ந்து அதில் பாதியைத் தந்துவிடும். மீதியுள்ள 20 முதல் 25 கிராமுக்குத்தான் இறைச்சியோ மீனோ முட்டையோ வேண்டியிருக்கிறது. எலும்பும் கொழுப்பும் நீக்கி, வெந்த பிறகு 30 கிராம் வரும் ஒரு துண்டில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. எங்கள் துறையில் நோயாளிகளுக்குத் தீப்பெட்டியைத்தான் காட்டுவோம்; ஒரு தீப்பெட்டி அளவுத் துண்டு ஏறத்தாழ 30 கிராம். எனவே ஒரு நாள் முழுவதற்கும் அப்படிப்பட்ட மூன்று துண்டுகள் வரை அவருக்கு இடமிருக்கிறது. ஒரு முட்டை சாப்பிட்டால் அது ஒரு துண்டுக்குச் சமம். ஒரே வேளையில் மூன்றையும் வைப்பதைவிட மதியம் இரண்டு, இரவு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள்.

எலும்போடு எடைபோட்டால் கணக்கு தவறிவிடும். நெஞ்செலும்புத் துண்டுகள் நிறைந்த ஆட்டுக்கறியில் உண்மையான சதை எவ்வளவு என்பது வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். பச்சை இறைச்சி வேகும்போது கால் பங்குக்கு மேல் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மலிவான சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். அதன்பிறகு கண்ணே பழகிவிடும்.

எந்த இறைச்சி என்ற கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. சிவப்பிறைச்சியை மிகுதியாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட, சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கோழி, மீன், முட்டை ஆகியவற்றுக்கும் அந்த நோய்க்கும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. அங்கே சிவப்பிறைச்சி என்றால் பெரும்பாலும் பன்றியிறைச்சிதான் என்பதையும், இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை மெய்ப்பிப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் அன்றாடத்துக்கு மீனும் கோழியும், எப்போதாவது ஆடு என்று வைத்துக்கொள்வதற்கு இது போதுமான காரணம் என்பது என் கருத்து. ஈரல், மூளை, கோழியின் கல்லீரல் போன்ற உறுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். வெந்த கோழிச் சதையில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், கோழி ஈரலில் அது ஏறத்தாழ இருமடங்கு.

பாஸ்பரஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறைச்சியின் உண்மையான பொறி இங்கேதான் இருக்கிறது. இயல்பான இறைச்சியிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய 40 முதல் 60 விழுக்காடுதான் குடலில் உறிஞ்சப்படும். ஆனால் சாசேஜ், நகெட், பர்கர் இறைச்சி, மீன் உருண்டை போன்றவற்றில் ஈரம் காக்கச் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் கிட்டத்தட்ட முழுவதுமாக இரத்தத்தில் கலந்துவிடும். பொட்டலத்தின் பின்புறம் 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட்டுகள். பேரப்பிள்ளைகளுக்காகக் குளிர்பெட்டியில் வாங்கி வைத்திருக்கும் கோழிச் சாசேஜை "கோழிதானே" என்று தாத்தாவுக்கும் வறுத்துக் கொடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு துண்டு வீட்டு ஆட்டுக்கறியைவிட அது கெடுதல்.

இனி, வருத்தப்படாமல் கேளுங்கள்: உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் சைவ உணவில்தான் எனக்கு அதிகக் குறை தென்படுகிறது. அப்பளமும் ஊறுகாயும் உப்பு மூட்டைகள். கோதுமைப் பசையமும் சோயாவும் கலந்து செய்யும் அந்தச் சைவ ஆட்டிறைச்சியில் உப்பும் சுவைகூட்டிகளும் பெரும்பாலும் தாராளமாக இருக்கும். பொட்டலத்தைத் திருப்பிச் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளளவு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே. கிச்சாப் எனப்படும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் போய்விடும். இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு, துண்டு இறைச்சியைவிட இந்த உப்பு முன்னுரிமை பெற வேண்டிய எதிரி.

சைவநெறியர் எழுதுகிறார்:

ஐயா விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் இறைச்சியை விட்டதே தவறு என்ற எண்ணம் சகோதரிக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இறைச்சிப் புரதத்தில் கந்தகம் மிகுந்த அமினோ அமிலங்கள் உள்ளன. அவை உடலில் அமிலச் சுமையைக் கூட்டுகின்றன, தளர்ந்த சிறுநீரகத்தால் அந்த அமிலத்தை முழுவதும் வெளியேற்ற முடிவதில்லை. பருப்பிலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் வடிவில் கட்டுண்டு கிடப்பதால், மனிதக் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. சோயாவில் செய்யும் தவ்ஃபு, தெம்பே, மேலும் பாசிப்பயறு, கொண்டைக்கடலை என்று இந்த நாட்டில் கிடைக்காத பொருள் இல்லை. குறை சைவத்தில் இல்லை. ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துவிட்டு அதைச் சைவச் சாப்பாடு என்று சொல்வதில்தான் இருக்கிறது.

புரட்டாசி முழுவதும் விரதம் இருந்துவிட்டுத் தீபாவளிக்குச் சேர்த்து வைத்து இறைச்சி தின்னும் வழக்கத்தையும் நாம் பேசியாக வேண்டும். ஒரு மாதம் ஒன்றும் இல்லை, ஒரே நாளில் அரைக் கிலோ என்பது எந்தச் சிறுநீரகத்துக்கு நல்லது?

தட்டும் தராசும் எழுதுகிறார்:

ஐயா சொன்ன இரண்டும் சரி. அமிலச் சுமையும் பாஸ்பரஸ் உறிஞ்சலும் தாவரப் புரதத்தின் பக்கம்தான் சாய்கின்றன. என் நோயாளிகளில் வாரத்தில் பாதி நாள் தவ்ஃபுவும் பருப்பும், மீதி நாள் மீனும் கோழியும் என்று வைத்துக்கொண்டவர்களுக்குக் கட்டுப்பாடு எளிதாக அமைகிறது. ஒரு முன்னெச்சரிக்கை மட்டும்: பயறுகளிலும் கீரைகளிலும் பொட்டாசியம் இருக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாக இருப்பவர் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உயர்ந்திருந்தால் கீரையையும் உருளைக்கிழங்கையும் நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். சகோதரி, உங்கள் அறிக்கையில் பொட்டாசியம் என்ன அளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாரம் மூன்று முறை எழுதுகிறார்:

வணக்கம் தங்கையே. என் பெயரிலேயே என் கதை இருக்கிறது. பட்டர்வொர்த்தில் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு உட்காருகிறவன் நான். எழுதுவதற்குக் காரணம், இந்த உரையாடலைப் படிக்கும் சுத்திகரிப்பு நோயாளிகள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான்.

சுத்திகரிப்புக்கு முன்பு சொல்லப்படும் அளவும் பின்பு சொல்லப்படும் அளவும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து அமினோ அமிலங்களும் போய்விடுகின்றன. ஆகவே எங்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 62 கிலோ எடையுள்ள ஒருவர் 62 முதல் 75 கிராம் வரை உண்ண வேண்டும் என்று ஆகிறது. அதாவது உங்கள் அப்பாவின் மூன்று துண்டுகள் எங்களுக்குப் போதாது. பல ஆண்டுகள் "கறி வேண்டாம், கறி வேண்டாம்" என்று கேட்ட குடும்பம், ஒரு நாள் திடீரென்று "சாப்பிடுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் நம்ப மறுக்கிறது. என் மனைவி நெடுநாள் ஒளித்துத்தான் வைத்தாள். என் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்து கால் வீங்கிய பிறகுதான் தட்டில் மீன் திரும்பி வந்தது.

எனக்கு எளிதாகக் கைகொடுப்பது முட்டையின் வெள்ளைக்கரு. ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராமுக்கு மேல் புரதம் உண்டு, பாஸ்பரஸோ பெயரளவுக்குத்தான். பாஸ்பரஸ் எல்லாம் மஞ்சளில். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு, உப்பில்லாமல் பொரித்தாலும் உண்ண முடிகிறது. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் கால்சியம் கார்பனேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதை உணவோடு சேர்த்துத்தான் உட்கொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்துத் தேநீரும் குடித்துவிட்டு, தூங்கப் போகும்போது நினைவுக்கு வந்து விழுங்குவதால் அந்த வேளை உணவின் பாஸ்பேட்டுக்கு ஒரு பயனும் இல்லை. என் பக்கத்து நாற்காலிக்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இறைச்சியைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு பழத்தைப் பற்றிச் சொல்வதற்கு மன்னிக்கவும். பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளை நம்மால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். கனமான விருந்துக்குப் பிறகு செரிமானத்துக்கு நல்லது என்று சாறு பிழிந்து கொடுப்பவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன் அடுப்படி எழுதுகிறார்:

அம்மா, நான் மருத்துவன் அல்லன். பினாங்கில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவன். சிறுநீரக நோய் உள்ள பெரியவர்கள் இல்லாத குடும்பம் இன்று அரிதாகிவிட்டதால், "அவருக்கு மட்டும் தனியாக" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்காக ஓர் உணவியல் நிபுணரிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

ஆட்டின் தொடைச் சதையை எலும்பில்லாமல் வாங்குங்கள். வெளியே தெரியும் கொழுப்பையும் சவ்வையும் கத்தியால் எடுத்துவிட்டு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். வெந்து சுருங்கினால் அளவு சரியாக வரும். துண்டுகளைப் போல நான்கு மடங்கு தண்ணீரைக் கொதிக்க வைத்து, இஞ்சித் தட்டிப் போட்டு, பத்து நிமிடம் வேகவிடுங்கள். மேலே சாம்பல் நிற நுரை திரண்டு வரும். அந்த நீரை அப்படியே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மிருதுவாகும் வரை வேகவையுங்கள். இரண்டாவது நீரும் வேண்டாம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஓரளவு தண்ணீரில் இறங்கிவிடும் என்பது அந்த அம்மையார் சொன்ன விளக்கம். சுவை போய்விடுமே என்பீர்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். அதைத் தாளிப்பில் மீட்டுக்கொள்ளலாம்.

சட்டியில் சிறிது எண்ணெய் ஊற்றி, பட்டை, சோம்பு, நிறையக் கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் நிதானமாக வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பேறும் வரை பொறுமை வேண்டும், ஏனென்றால் உப்பு செய்யும் வேலையில் பாதியை இந்த நிறம்தான் செய்யப் போகிறது. மல்லியும் சீரகமும் மிளகும் வீட்டிலேயே வறுத்துப் பொடித்ததைச் சேருங்கள். கடையில் வாங்கும் கறித்தூள்களில் சிலவற்றில் உப்பும் கலந்திருக்கும், பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். பிறகு வெந்த கறியைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துச் சுருள வறுங்கள். தக்காளியும் உருளைக்கிழங்கும் கெட்டித் தேங்காய்ப்பாலும் இதில் வேண்டாம். புளிப்புக்கு இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும், அதையும் அடுப்பை அணைக்கும்போதுதான் தூவ வேண்டும். துண்டின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் உப்பு நாக்குக்கு உடனே எட்டும். கோழி கியூப், அஜினோமோட்டோ, கிச்சாப் மூன்றையும் மறந்துவிடுங்கள். உப்புக்குப் பதிலாக விற்கும் 'குறைந்த சோடிய உப்பு' வேண்டவே வேண்டாம், அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு.

தீபாவளிக் காலையில் தோசைக்குக் குழம்பு வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இந்த வறுவலில் இரண்டு துண்டை எடுத்து, அரைக் கிண்ணம் வெந்நீரும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலும் விட்டுக் கொதிக்கவைத்தால் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சாறு கிடைக்கும். எல்லாருக்கும் வைத்த அண்டாவிலிருந்து துண்டை மட்டும் கழுவி எடுத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. உள்ளே இறங்கிய உப்பு கழுவினால் வெளியே வராது.

வெளியே சாப்பிடும்போது அஞ்ச வேண்டியது குழம்பைத்தான். சோறும் பலவகைக் குழம்புகளும் விற்கும் எங்கள் ஊர் நாசி கண்டார் கடைகளில் 'பஞ்சிர்' (வெள்ளம்) என்று கேட்டால் மீன், கோழி, மாட்டுக் குழம்புகளை எல்லாம் சோறு மிதக்க ஊற்றுவார்கள். துண்டு ஒன்றுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். உப்பு முழுவதும் அந்த வெள்ளத்தில் இருக்கிறது. ஆட்டெலும்பு சூப்பு இன்னும் மோசம். நான் கொட்டச் சொன்ன தண்ணீரைத்தான் அங்கே கிண்ணத்தில் காசு கொடுத்துக் குடிக்கிறோம்.

செந்தூல்வாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் மிக்க நன்றி. பொட்டாசியம் 4.6 என்று அறிக்கையில் இருக்கிறது. அம்மா முழுவதையும் படித்துவிட்டு, மூன்று துண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் இப்போதைக்கு இரண்டு என்று இறங்கி வந்திருக்கிறார். தராசு வாங்கியாகிவிட்டது.

இன்னும் ஓர் ஐயம். அந்த இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவு பிரிக்ஃபீல்ட்ஸில் உறவினர் ஒருவர் வைத்த விருந்துக்கு அப்பா போயிருந்தார். ஆட்டு வறுவலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் இரத்தம் எடுத்தார்கள். அதனால், ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்குக்கு அடிப்படையான கிரியேட்டினின் என்ற இரத்தக் கழிவு கூடிக் காட்டியிருக்க வாய்ப்புண்டா? அப்படியானால் நோயே இல்லை என்று ஆகுமா? அத்தை ஒருவர் அதைத்தான் சொல்லி அப்பாவுக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தட்டும் தராசும் எழுதுகிறார்:

4.6 இயல்பான அளவுதான். கீரையையும் பருப்பையும் பயமில்லாமல் கொடுங்கள். இரண்டு துண்டும் ஒரு முட்டையும் என்று அம்மாவிடம் பேசிப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடும்.

விருந்தைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. தசையிலுள்ள கிரியேட்டின் என்ற பொருள் சமைக்கும் சூட்டில் கிரியேட்டினினாக மாறுகிறது. அதை உண்ணும்போது நம் இரத்தத்திலும் கிரியேட்டினின் சில மணி நேரத்துக்கு உயர்ந்து, ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கு உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், இந்தப் பரிசோதனைக்கு முந்தைய 12 மணி நேரம் இறைச்சி உண்ண வேண்டாம் என்றே சொல்கிறது. ஆகவே அந்த 36 கொஞ்சம் ஏறக்கூடும். ஆனால் ஆட்டு வறுவல் நல்ல சிறுநீரகத்தை 36-க்கு இறக்கிவிடாது. அத்தை சொல்வதை அந்த அளவுக்கு நீட்டக் கூடாது. நாட்பட்ட சிறுநீரக நோய் என்று முடிவு கட்ட, பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். பழைய அறிக்கைகள் இருந்தால் தேடி எடுத்து எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்ற பரிசோதனை செய்யப்பட்டதா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு அது மிக முக்கியமானது, அதில் இறைச்சி குறுக்கிடுவது இந்த அளவுக்கு இல்லை.

நம் நாட்டில் 2011-இல் பெரியவர்களில் சுமார் 9 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய், 2018-இல் நடந்த கணக்கெடுப்பில் 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. உணவியல் நிபுணரின் தேதி தள்ளிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம், எனவே கிடைத்த நேரத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போகும்போது மூன்று நாள் உணவை, ஒரு ஞாயிறும் அதில் அடங்கும்படி, துண்டின் எடையோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாஸ்பேட், பைகார்பனேட், ஆல்புமின், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகிய நான்கும் அறிக்கையில் உள்ளனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அப்பாவின் சட்டை, காற்சட்டை அளவு மாறியதையும், கையை ஊன்றி எழுவதையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர் சொல்லமாட்டார். அடுத்த இரத்தப் பரிசோதனை காலையில் என்றால் முந்தைய இரவு தோசையும் சாம்பாரும் போதும்.